பூட்டில்லாத ஈயம்

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தால் எனக்கு இன்னும் அந்தச் சத்தம் கேட்கிறது. டிக், டிக் என்று, சுவரில் பல்லி சொல்வதுபோல. மணலி புதுநகரில் எங்கள் வீட்டு மின்விசிறி போடும் சத்தம்தான் அது என்கிறாள் மனைவி. இருக்கலாம். ஆனால் கரண்ட் போய் விசிறி நின்றபிறகும் கேட்கிறதே என்றால், "அப்ப காது டாக்டரப் பாருங்க" என்கிறாள். காது விஷயமாக நான் எந்த டாக்டரையும் பார்ப்பதாக இல்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

போன மாதம் எண்ணூரில் ஒரு ஒத்திகை நடத்தினார்கள். யாராவது கதிர்வீச்சுப் பொருளைத் திருடி, வெடிமருந்தோடு கட்டி, ஜனங்கள் நடுவில் வெடித்துவிட்டால் என்ன செய்வது என்று நடித்துக் காட்டும் ஒத்திகை. தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிய ஆட்கள் சாலையில் நடந்தார்கள். மஞ்சள் நாடா கட்டினார்கள். ஒலிபெருக்கி, "இது ஒத்திகைதான், பொதுமக்கள் இயல்பாக இருக்கவும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அப்படி இயல்பாக இருந்தவள் ஒருத்திதான். நாடாவுக்கு அந்தப் பக்கம் இறால் கூடையோடு நின்ற பெண். "இன்னாபா, குண்டு எப்ப வெடிக்கும்? சீக்கிரம் வெடிச்சு வுடு, எறா கெட்டுப்பூடும்" என்றாள். ஒரு வெள்ளை உடுப்புக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

நான் வேலை பார்த்த கம்பெனியின் புது ஆட்களும் அதில் இருந்தார்கள். முடிந்தபின் என்னைக் கண்டுபிடித்து வந்து, "சார், உங்க காலத்துல நிஜமாவே ஒண்ணு காணாமப் போச்சாமே, எப்படி எடுத்தீங்க?" என்று கேட்டார்கள். எழுதித் தருகிறேன் என்றேன். வாயால் சொன்னால் பாதியில் பொய் கலந்துவிடும் என்று எனக்கே என்மேல் சந்தேகம்.

என் வேலை குழாய்களுக்கு எக்ஸ்ரே எடுப்பது. மனிதனுக்கு எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல, தொழிற்சாலைக் குழாய்களின் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்போம். அதற்கு இரிடியம் என்று ஒரு உலோகம். மிளகைவிடச் சின்னது, ஒரு சிறு கம்பியின் நுனியில் இருக்கும். பார்க்க ஒன்றுமில்லை. பேன்ட் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனால், தொடையில் கொப்புளம் கிளம்பும்போதுதான் அது யாரென்று தெரியும். அதைக் கனமான ஈயக் கூட்டுக்குள் பூட்டி எடுத்துப் போவோம். பால் கேன் அளவு, ஒரு ஆள் திணறித் தூக்கும் கனம். அதற்கு எங்கள் பேச்சில் குடம் என்று பெயர். கொருக்குப்பேட்டையில் பிறந்து, ஐ.டி.ஐ. முடித்து, வடக்கே போய்க் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் படிப்புப் படித்தேன். பாதி அங்கே புரிந்தது. மீதியை வசந்தா மேடம் புரியவைத்தார்.

வசந்தா மேடம் எங்கள் பாதுகாப்பு அதிகாரி. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கைப்பையைத் தோளில் மாட்டி, சந்தைக்குக் கிளம்புகிறவர்போலத்தான் வேலை நடக்கும் இடத்துக்கு வருவார். குடங்களின் சாவியெல்லாம் அந்தக் கைப்பையில், சுண்டைக்காய் வற்றல் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும். அவருடைய முறை இது. அறையை விட்டுக் கிளம்பும்போதே, கதிரை அளந்து டிக், டிக் என்று சொல்லும் மீட்டரைப் போட்டுவிட வேண்டும். பாட்டரியைப் பார்க்க வேண்டும். குடத்துக்குப் பத்துத் தப்படி முன்னால் நின்று, வெறும் இடத்தில் மீட்டர் என்ன காட்டுகிறது என்று படிக்க வேண்டும். படித்த எண்ணை இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு தடவை உனக்கு, ஒரு தடவை பக்கத்தில் இருப்பவருக்கு. பிறகுதான் அடுத்த தப்படி. படம் எடுக்க வெளியே தள்ளிய இரிடியத்தைக் கைப்பிடியைச் சுற்றிக் கூட்டுக்குள் இழுத்தபிறகும் அதையே திரும்பச் செய்ய வேண்டும். "கைப்பிடி உள்ள போயிடுச்சுன்னு சொல்லும். அதை நம்பாதே பாலு. மீட்டர் சொல்லட்டும்" என்பார். நான் ஒரு தடவை மட்டும் எண்ணைச் சொன்னால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். இரண்டாவது தடவைக்காகக் காத்துக்கொண்டு நிற்பார்.

குடங்களை வேனில் கொண்டுபோனவன் சையது. ராயபுரத்துக்காரன். இஞ்சின் சத்தத்தையும் என் மடியில் இருக்கும் மீட்டர் சத்தத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டே ஓட்டுவான். அவன் வலப்பக்கம் ஸ்டியரிங்கில், நான் இடப்பக்கம். "இன்னிக்கு உன் பல்லி அடக்கமா கீது மாமு" என்பான். இருபது வருடம் அவனோடு எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்றிருக்கிறேன். இப்போது நினைத்தால் அந்த வருடங்கள் ஒரே நீளமான காலைப்பொழுதாகத் தெரிகின்றன. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் பனியில் பாதி மறைந்து நிற்கும். அவற்றின் கீழ்ப்பாதி தெரியாது, மேல்பாதி மட்டும் வானத்தில் மிதந்துகொண்டிருக்கும். அது சாம்பல் கலந்த பனி என்பதை நுரையீரல் பிறகு சொல்லும்.

இனி என் தவறுக்கு வருகிறேன். காத்திவாக்கத்தில் கன்னியப்பன் என்று ஒரு மீனவர். முகத்துவாரத்தில் இறால் பிடிப்பவர். குழாய் வேலை ஒன்று அவர் குப்பத்துக்குப் பக்கத்தில் நடந்தபோது பழக்கமானார். வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக்குண்டுகளை அவரே இரும்புக் கரண்டியில் உருக்கி வார்ப்பார். ஈயம் கிடைப்பதுதான் கஷ்டம் என்று ஒருநாள் புலம்பினார். எங்கள் கிடங்கில் உடைந்த பழைய குடங்களின் ஈயம் துண்டு துண்டாகக் கிடந்தது. இரிடியம் இல்லாத, மீட்டர் வாய் திறக்காத சுத்தமான ஈயம். ஆனாலும் அதைப் பதிவேட்டில் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. நான் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, எழுதாமல், ஒரு துண்டைக் கன்னியப்பனுக்குக் கொடுத்தேன். அவர் ஒரு கூடை வெள்ளை இறால் கொடுத்தார். பிறகு இன்னொரு துண்டு, இன்னொரு கூடை. மூன்று வருடம் இப்படிப் போனது. எங்கள் வீட்டு இறால் தொக்குக்குத் தெருவில் நல்ல பெயர்.

"இத்த உருக்கினா ஒண்ணும் ஆவாதே?" என்று அவர் கேட்டார். "பூட்டு இல்லாதது வெறும் ஈயம். பூட்டு இருந்தா உள்ளே ஆள் இருக்கான்னு அர்த்தம், கிட்டேயே போகாதே" என்றேன். இன்னொரு நாள், அப்படி ஒரு ஆள் வெளியே வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். தண்ணீரில் போட்டுவிடலாம், தண்ணீர் எங்களுக்கு நல்ல சுவர் என்று பீடிப் புகைக்கு நடுவே சொல்லிவைத்தேன்.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. விதிப்படி வேனில் இரண்டு பேர் இருக்க வேண்டும். உடன் போகவேண்டிய ஆளுக்குக் காய்ச்சல். நான் மணலியில் ஒரு குழாயை விட்டு நகரமுடியாத வேலையில் இருந்தேன். அரை மணி நேர வழிதானே என்று எல்லாரும் சேர்ந்துதான் சையதைத் தனியாக அனுப்பினோம். எண்ணூர் சாலையில் லாரிகள் ஒரு மணி நேரம் நகரவில்லை. முன்னால் என்ன என்று பார்க்கப் போனவன் ஒரு டீ குடித்தான். பத்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்தால் வேனின் பின்கதவு திறந்திருக்கிறது, சங்கிலி அறுந்திருக்கிறது, குடம் இல்லை. எனக்குப் போன் செய்தான். "மாமு, குடத்த தூக்கினு பூட்டானுங்க மாமு" என்றான். அவன் அழுது நான் கேட்டது அன்றைக்குத்தான்.

எங்கே நின்றாய் என்று கேட்டேன். காத்திவாக்கம் திருப்பத்துக்கு இந்தப்பக்கம் என்றான். அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தைந்து கிலோ பொருளைப் பட்டப்பகலில் தூக்குகிறவனுக்கு அது ஈயம் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் கம்பெனிக் குடம் ஈயம் என்று அந்தப் பகுதியில் யாருக்குத் தெரியும், யார் சொல்லித் தெரியும் என்பதை நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

மதியத்துக்குள் தொலைக்காட்சியில் வந்துவிட்டது. 'அணு' என்ற சொல் சிவப்புப் பட்டையில் ஓடியது. ஒரு சேனலில் எங்கோ வெளிநாட்டில் எடுத்த காளான் மேகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். திருவொற்றியூரில் பெற்றோர் பள்ளி வாசலில் கூடிப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அயோடின் கதிரைத் தடுக்குமாம் என்று, மருந்துக் கடையில் காயத்துக்குப் போடும் டிங்சர் தீர்ந்தது. அதைக் குடிக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. உப்பு கலந்த தண்ணீரில் குளித்தால் கதிர் ஒட்டாது என்று யாரோ சொல்ல, மாலைக்குள் கல்லுப்பு தீர்ந்தது. பயப்படுவதில் நம் ஜனங்களைக் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்குத் தெரிந்ததைவிட எனக்கு அதிகம் தெரியும், நானும்தான் பயந்தேன். ஆனால் என் பயம் வேறு.

விசாரிக்க வந்தவர்கள் எங்கள் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்துப் பெயர், ஊர், வேலை எழுதினார்கள். சையதின் பெயரைக் கேட்டதும் எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா ஒரு கணம் நின்றது. எங்களை மாலையில் அனுப்பினார்கள். அவனை வைத்துக்கொண்டார்கள். யார் அனுப்பினார்கள், வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள், வேனை வேண்டுமென்றே அங்கே நிறுத்தினாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். அவனுக்கு வெளிநாட்டில் இருந்தது துபாயில் ஒரு மச்சான், அவரும் திரும்பி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் கெட்டவனைத் தேடுகிறீர்கள், ஈயம் தேவைப்பட்டவனைத் தேடுங்கள் என்று ஒரு வாக்கியம் போதும். சொன்னால் அடுத்த கேள்வி, உனக்கு எப்படித் தெரியும் என்பது. பதிவேட்டில் எழுதாமல் கதிர்வீச்சுக் கிடங்கிலிருந்து மூன்று வருடமாக ஈயம் வெளியே கொடுத்தவன், அந்த வாரத்தில், அந்த அறையில் என்னவாகத் தெரிவான்? சையது உட்கார்ந்திருந்த நாற்காலியில் நான் உட்கார வேண்டியிருக்கும். அந்த நாற்காலியை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

புதன்கிழமை மீட்டர்களோடு தேடினார்கள். காத்திவாக்கம் குப்பத்தில் தேடிய குழுவில் நானே இருந்தேன். முன்னாலும் பின்னாலும் போலீஸ். வீடு வீடாகப் போனோம். படகுகளுக்கு அடியில், வலைக் குவியலுக்குள், கோழிக்கூண்டுக்குள் மீட்டரை நீட்டினேன். ஒன்றும் இல்லை. கன்னியப்பன் தன் வீட்டு வாசலில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. முகத்துவாரத்துப் பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திரும்ப அந்தத் தண்ணீரைப் பார்த்தார். நான் மீட்டரின் முள்ளைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டு அவர் வீட்டைக் கடந்து போய்விட்டேன்.

அன்று மாலை கம்பெனி வாசலில் சையதின் மனைவி மும்தாஜ் நின்றிருந்தாள். கையில் ஒரு டிபன் பாக்ஸ், ரப்பர் பேண்டு போட்ட மாத்திரை அட்டை. "அண்ணே, அவருக்கு சுகர் கீதுன்னு உங்களுக்குத் தெரியும்ல. உள்ள வுட மாட்டேங்கிறாங்க. நீங்க கம்பெனி ஆளு, நீங்க சொன்னா கேப்பாங்க. இத்த மட்டும் குடுத்துடுங்கண்ணே" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. என் வீட்டுக்கு அவள் எத்தனையோ தடவை பிரியாணி அனுப்பியிருக்கிறாள். டிபன் பாக்ஸின் சூடு என் உள்ளங்கையில் இருந்தது. அதைக் கொண்டுபோய் விசாரணை நடக்கும் இடத்தின் வாசலில் கொடுத்துவிட்டு, நேராகத் திருவொற்றியூரில் வசந்தா மேடம் வீட்டுக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஈயம், இறால், கன்னியப்பன், பூட்டு, தண்ணீர், காலையில் அவர் பார்த்த பார்வை. அவர் குறுக்கிடவில்லை. முடித்ததும் காத்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது தடவை சொல்லச் சொல்கிறார் என்று எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. திரும்பச் சொன்னேன்.

"முதல்ல குடத்தை எடுப்போம்" என்றார். "உன்னை அப்புறம் எடுக்கிறேன்."

அவரே யார் யாருக்கோ போன் செய்தார். விடிந்ததும் போனோம். ஒரு அதிகாரி கரையில் நின்றார். படகில் கன்னியப்பன், மேடம், நான். பனி தண்ணீரின்மேல் படுத்திருந்தது. கரை தெரியவில்லை, புகைபோக்கியின் தலை மட்டும் தெரிந்தது. கொக்குகள் இறால் வலைக் கம்புகளின்மேல் ஒற்றைக்காலில் தூங்கின. கன்னியப்பன் மூங்கில் கழியை ஊன்றும்போது எழும் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. எனக்கு இன்றும் வரும் மதியக் கனவில் பாதி அந்தப் படகில்தான் நடக்கிறது. கனவில் நாங்கள் போய்ச் சேர்வதே இல்லை.

"என் பொண்டாட்டியோட தம்பி தூக்கியாந்தான்" என்றார் கன்னியப்பன், மேடத்திடம். "நம்ம சாரு கம்பெனி ஈயந்தான் மாமான்றான். பாத்தா பூட்டு தொங்குது. அடுப்புமேல வெக்கப் போனவன இழுத்து ஒண்ணு வெச்சேன். அப்புறம் டிவில சொல்றாங்கோ, பாம்னு. போலீசாண்ட போனா எவன் நம்புவான்? குப்பத்தையே கொளுத்திடுவானுங்க. சாரு சொன்னாப்ல தண்ணில வுட்டுட்டேன். கயிறு கட்டித்தான் வுட்டுகீறேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ வருவேன்னு செவ்வாக்கெழமையிலேர்ந்து பாத்துகினு இருந்தேன். வந்த. மூஞ்சத் திருப்பிக்கினு பூட்ட."

நான் மீட்டரைப் போட்டேன். கயிறு கட்டியிருந்த வலைக் கம்பின் அருகே எண்ணைப் படித்தேன். வெறும் காற்று காட்டும் எண்தான். இரண்டு தடவை சொன்னேன். கன்னியப்பன் கயிற்றை இழுத்தார். சேறும் பாசியுமாகக் குடம் மேலே வர வர, டிக், டிக் என்று மீட்டர் பேச ஆரம்பித்தது. அது வேகமெடுக்கிறதா என்று மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக் கேட்டோம். வேகமெடுக்கவில்லை. மூடிய குடம் எப்போதும் சொல்லும் எண்ணிலேயே நின்றது. பூட்டு அப்படியே இருந்தது. மேடம் கைப்பையைத் திறந்து, சாவியை எடுத்துப் பூட்டின் எண்ணோடு சரிபார்த்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

ஊர் அத்தனை பேர், அத்தனை மீட்டர், அத்தனை சேனல் சேர்ந்து செய்யமுடியாததை ஒரு மீனவர் ஒரு கயிற்றை வைத்துச் செய்திருந்தார். அதைப் பேப்பரில் யாரும் எழுதவில்லை. குடத்தைத் தூக்கிய கன்னியப்பனின் மச்சினன்மேல் வழக்கு நடந்து சின்னத் தண்டனை கிடைத்தது. மேடம் தன் அறிக்கையில் என் ஈயத்தை மறைக்கவில்லை. எனக்குப் பதவி உயர்வு அத்தோடு நின்றது, வேலை மட்டும் தப்பியது. கையெழுத்துப் போடும்போது அவர் என்னிடம் சொன்னது இதுதான். "புதன்கிழமை நீ பார்த்தும் பார்க்காம வந்தது இந்தக் காகிதத்துல இல்லை. அதை சையதுகிட்ட நீயே சொல்லணும்."

சையதை வியாழக்கிழமை மதியம் விட்டார்கள். கீழே விழுந்துவிட்டேன் என்றான். இடது காது அதன்பிறகு கேட்கவில்லை. எந்த அறையில், யார் என்று அவன் சொன்னதில்லை. புதன்கிழமை சாயங்காலம்தான் ஆனது என்பதை மட்டும் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னான். நான் கன்னியப்பன் வீட்டைக் கடந்துபோய் ஐந்தாறு மணி நேரம் கழித்து. என் காதை நான் எந்த டாக்டரிடமும் காட்டாததற்குக் காரணம் அதுதான்.

அதன்பிறகு பதினோரு வருடம் அதே வேனில் போனோம். அவன் வலப்பக்கம், நான் இடப்பக்கம். என் மடியில் இருக்கும் மீட்டர் அவனுக்குக் கேட்காது. அதனால் முன்கண்ணாடிக்குக் கீழே விரலை நீட்டிக் காட்டுவேன், ஒரு விரல் என்றால் சரி, இரண்டு என்றால் நிறுத்து. போக்குவரத்தில் நிற்கும்போது பல தடவை சொல்லியும் இருக்கிறேன். "சையது, எனக்கு அன்னிக்கே தெரியும்" என்று, மெதுவாக, அந்தக் காதிடம். அவன் ஹாரன் அடிப்பான். சொல்லியாகிவிட்டது என்று மனசை ஏமாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

போன மாத ஒத்திகையன்று புது ஆட்கள் கேட்டுவிட்டுப் போனபிறகு, நானும் சையதும் பஸ் நிறுத்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவன் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். வெள்ளை உடுப்புக்காரர்கள் உடுப்பைக் கழற்றி டீ குடித்தார்கள். நாடாவைச் சுருட்டினார்கள். இறால்காரி எப்போதோ போய்விட்டாள். நான் பழக்கத்தில் அவனுடைய இடப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். "சையது, அந்தப் புதன்கிழமை" என்று ஆரம்பித்தேன்.

அவன் திரும்பவில்லை. கடலைத் தோலை ஊதினான்.

"பதினோரு வருசமா நீ இந்தச் செவுட்டுக் காதாண்டயே இன்னாத்தையோ சொல்லிகினு கீற மாமு" என்றான். "வண்டிக் கண்ணாடில உன் வாய் ஆடறது தெரியும். சரி, சொல்றப்ப சொல்லட்டும்னு இருந்தேன். எழுந்து இந்தப் பக்கம் வா. வந்து சொல்லு."

எழுந்தேன். முழங்கால் வலித்தது. பெஞ்சைச் சுற்றி நாலு தப்படி. அவனுடைய வலப்பக்கம் நான் உட்கார்ந்து எனக்கு நினைவில்லை. அவன் கடலைப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். இறாலிலிருந்து ஆரம்பித்தேன்.